எண்பத்தேழாம் தொகுதிக்கு ஓமத் தைலம்

செல்லக்கிளிக்கு மூன்று பிறந்தநாள்கள் இருந்தன. ஆதார் அட்டையில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று, என்றைக்கோ யாரோ கேட்டு யாரோ எழுதிக்கொடுத்த பள்ளிச் சான்றிதழில் ஒன்று. இத்தனை வருஷமும் அவை ஒன்றோடொன்று சண்டை போடாமல் ஒரே மஞ்சள் பைக்குள் கிடந்தன. மஸ்கட்டில் இருக்கும் மகள் ரம்யா உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்து, பிரசவத்துக்குத் துணை போக இவள் பாஸ்போர்ட் கேட்டு எழுதிப்போட்ட அன்றுதான் மூன்றும் முட்டிக்கொண்டன.

"மூணுல எதும்மா நெசம்?" என்று கவுன்ட்டரில் கேட்டார்கள்.

"தெரியலியே சார். ஐப்பசி அடைமழைல பொறந்தேன்னு எங்கம்மா சொல்லுவா."

"பிறப்புப் பதிவேட்டுல என்ன இருக்கோ அதுதான் நெசம். அதோட நகல் வாங்கிட்டு வாங்க."

கேட்டதில் தப்பில்லை என்றுதான் செல்லக்கிளிக்கும் பட்டது. எது நிஜம் என்று தெரிந்துகொள்ள அவளுக்கே ஆசையாகக்கூட இருந்தது.

அவள் பிறந்தது ஆறுமுகநேரிப் பக்கம். அங்கே போய்க் கேட்டதில், அந்த வட்டாரத்துப் பழைய பதிவேடுகளை எல்லாம் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். ‘தென்கடல் பழம்பதிவேடு பாதுகாப்பு மற்றும் ஆய்வு மையம்’ என்று ஒன்று. காகிதத்தை ஈரத்திலிருந்து காப்பாற்றுவதற்காக ஏற்படுத்திய அந்த மையத்தைக் கடலைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். சன்னலைத் திறந்தால் உப்புக்காற்று நேராக உள்ளே வந்து அலமாரிகளைத் தடவிவிட்டுப் போகும். திறக்காவிட்டால் புழுக்கத்தில் சுவர் வியர்க்கும்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, முத்தையாபுரத்தில் பஸ் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தாள். வாசலில் காவல்காரர் சொரிமுத்து அவளுடைய செல்போனை வாங்கி ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். உள்ளே பிரிவு அலுவலர் கிங்ஸ்டன் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். பெயரும் வருஷமும் கேட்டு, அரை மணி நேரத்துக்குள் பதிவேட்டின் எண்பத்தேழாம் தொகுதியைக் கண்டுபிடித்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்து விரித்தும் காட்டிவிட்டார்.

பதினான்காவது வரி. செல்லக்கிளி, பெண், தகப்பன் பெயர் சிவசுப்பிரமணியன், ஒன்பது பதினொன்று எழுபத்தொன்பது. நீல மையில் யாரோ ஒருவர் சரித்துச் சரித்து எழுதியிருந்தார். தான் பிறந்ததை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதே செல்லக்கிளிக்குப் பெரிய மரியாதையாகத் தெரிந்தது.

பக்கத்தின் கீழ் ஓரத்தில், பதினெட்டாவது வரி மேல், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சாம்பல் பச்சை நிறத்தில் ஒரு வட்டம் பூத்திருந்தது.

"ஒரு நகல் குடுங்க சார்."

"குடுக்கலாம்தான்," என்றார் கிங்ஸ்டன். "ஆனா பூஞ்சை இருக்கே. பூஞ்சை பிடிச்ச பக்கத்த ஜெராக்ஸ் மெஷின்ல வச்சா மெஷினுக்குத் தொத்திக்கிடும். பூஞ்சை இல்லன்னு ஒரு சான்று வந்தாத்தான் நகல் பிரிவுக்கு அனுப்ப முடியும்."

"கையால பாத்து எழுதிக் குடுத்தா போதாதா சார்?"

"கையால எழுதினா அது நகல் ஆகாதும்மா. லெட்டர் ஆயிரும்."

"சரி சார். பூஞ்சை இல்லங்கற சான்ற யாரு தருவாவ?"

"நாங்கதான்."

"அப்ப தாங்க."

"பூஞ்சை இருக்குல்லா," என்றார் கிங்ஸ்டன் வருத்தத்தோடு.

பூஞ்சையைப் போக்கவும் வழியில்லையாம். முன்பு அடித்த மருந்து காகிதத்தைப் பழுப்பாக்குகிறது என்று நிறுத்திவிட்டார்கள். இனி இயற்கை முறையில்தான் போக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. எது இயற்கை முறை என்கிற சுற்றறிக்கை இன்னும் வரவில்லை.

செல்லக்கிளி வேலை பார்த்தது நயினார் அண்ணாச்சியின் நாட்டு மருந்துக் கடையில். பதினெட்டு வருஷமாகப் பொட்டலம் மடிக்கிறாள். மறுநாள் நடந்ததைச் சொன்னதும், அண்ணாச்சி எழுந்து கல்லாவுக்குப் பின்னால் இருந்த மர அலமாரியைத் திறந்து காட்டினார். கடையின் பழைய மருந்துக் குறிப்பு நோட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் ஒரு புள்ளி கிடையாது. மூலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பஞ்சு.

"ஓமத் தைலம்ளா கிளி. மாசத்துக்கு ஒருக்க நாலு சொட்டு. வாசம் பரவுன எடத்துல பூஞ்சை எட்டிப் பாக்காது. எங்க அய்யா காலத்துலருந்து இப்படித்தான். ஒரு பாட்டில் கொண்டு போ, குடுத்துட்டு வா. பாவம், அவங்களுக்குத் தெரியாம இருக்கும்."

அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மையத்தின் இயக்குநர் டாக்டர் ஜெயகணேஷ், தாவரத் தைலங்களின் பூஞ்சை எதிர்ப்பு ஆற்றல் பற்றித்தான் பட்டம் வாங்கியிருந்தார். செல்லக்கிளி மேசைமேல் வைத்த பாட்டிலை அவர் கையால் தொடாமல் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"ஓமம் சார்."

"ஓமத்துல?"

செல்லக்கிளி யோசித்தாள். "ஓமம்தான் சார் இருக்கும்."

இயக்குநர் சிரித்தார். பிறகு முக்கால் மணி நேரம் விளக்கினார். ஓமத்தில் இருப்பது தைமால். கிராம்பில் இருப்பது யூஜினால். எலுமிச்சைப்புல்லில் சிட்ரால். இவை பூஞ்சையின் செல்சவ்வைப் போய்த் தாக்கி ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை வெளியே கசியவிடுகின்றன. இது உலகம் முழுக்க நிரூபிக்கப்பட்ட விஷயம். அவரே மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறார்.

"அப்ப நாலு சொட்டு விட்டுருவமா சார்?" என்றாள் செல்லக்கிளி.

"அதெப்படி? உலகத்துல நிரூபிச்சிருக்கு. இந்த மையத்துல நிரூபிக்கலையே."

முதலில் அது என்ன பூஞ்சை என்று தெரிய வேண்டும். பெயர் தெரியாத ஒன்றின்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. எனவே எண்பத்தேழாம் தொகுதியிலிருந்து துளிப் பூஞ்சையைச் சுரண்டி ஒரு குப்பியில் அடைத்து, சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்ப முடிவாயிற்று. உடன் தைலத்தின் மாதிரியும் போக வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிப் பார்சல் போட அனுமதி இல்லாததால், கிங்ஸ்டன் இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டினார். தைலப் பாட்டிலின் மூடி கொஞ்சம் லூசு.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ‘தங்கள் பூஞ்சை மாதிரி உயிரற்ற நிலையில் பெறப்பட்டது. பெட்டி முழுவதும் ஓம வாசனை. ஆய்வு செய்ய இயலவில்லை.’

கிங்ஸ்டன் அதை வாசித்துக் காட்டியதும் செல்லக்கிளிக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. "செத்துப்போச்சுல்லா சார்! வேல செய்யுதுன்னு தெரிஞ்சுபோச்சுல்லா!"

"மெதுவாப் பேசுங்கம்மா," என்றார் கிங்ஸ்டன். அவர் கையில் இன்னொரு காகிதம் இருந்தது. மையத்துக்குச் சொந்தமான ஆய்வு மாதிரி அழிந்ததற்குக் காரணமான பொருளை வழங்கியவர் என்ற முறையில், பதினைந்து நாளுக்குள் செல்லக்கிளி விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் அவள் மனு மேற்கொண்டு பரிசீலிக்கப்படாது.

அன்றைக்குக் கண்ணாடி வழியாகப் பக்கத்தைப் பார்த்தாள். பதினெட்டாவது வரி போய்விட்டது. பதினேழும் பாதி இல்லை. யாரோ ஒரு ஆண் குழந்தையின் தகப்பன் பெயரில் முதல் எழுத்து மட்டும் நின்றது.

விளக்கத்தை நயினார் அண்ணாச்சி எழுதிக்கொடுத்தார். ‘பூஞ்சை செத்ததற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்’ என்று முடித்திருந்தார். "இப்படித்தாம்ளா எழுதணும். மேல ஒண்ணும் பேசாத. காரியம் ஆகணும் நமக்கு."

ரம்யா அப்போது ஏழாம் மாதம். தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். மாமியார் கிடையாது. மாப்பிள்ளைக்கு இரண்டு ஷிப்டு வேலை. "எம்மா, கால் வீங்குது. பக்கத்து வீட்டு அக்கா சுடுதண்ணில உப்பு போட்டு வைக்கச் சொல்லுதாவ. வைக்கவா?" என்பாள். செல்லக்கிளி சொல்லுவாள். கடைசியில் ரம்யா கேட்பாள், "பேப்பர் கெடச்சுட்டா?" "வந்துரும் மக்கா. இன்னும் மூணு வரி மிச்சம் இருக்கு," என்பாள் இவள். மூன்று வரி என்றால் என்ன என்று ரம்யாவுக்குப் புரியாது. புரியவைக்க இவளுக்கும் தெம்பில்லை.

பூஞ்சைக்குப் பெயர் தெரியாவிட்டாலும் தைலத்தை மையத்திலேயே சோதித்துப் பார்க்கலாம் என்று பங்குனியில் அனுமதி வந்தது. சோதனை தொடங்குவதற்கு ஒரு விழா வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றியபின் இயக்குநர் பேசினார்.

"பதினோரு ஆண்டு வரலாற்றில் இந்த மையம் ஒரு பதிவேட்டைக்கூட இழந்ததில்லை. எங்களிடம் வந்த அத்தனையும் எண்ணிக்கை குறையாமல் இருக்கின்றன. சிலவற்றில் எழுத்து மட்டும் இல்லை. அதையும் மீட்கும் முயற்சியில்தான் இன்று இறங்குகிறோம்."

கைதட்டினார்கள். செல்லக்கிளியும் தட்டினாள்.

எண்பத்தேழும் சேர்த்துப் பன்னிரண்டு தொகுதிகள் சோதனைக்கு. ஆறு ஓமத் தைல அலமாரியில் இருக்கும். மற்ற ஆறும் தைலம் இல்லாத அலமாரியில் இருக்கும். அதற்குக் கட்டுப்பாட்டு அலமாரி என்று பெயர்.

"எல்லாத்துக்கும் தைலம் வச்சா என்ன சார்?" என்று பக்கத்தில் நின்ற கிங்ஸ்டனிடம் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் வச்சு எல்லாம் பிழைச்சுட்டா, தைலத்தால பிழைச்சுதா, தானாப் பிழைச்சுதான்னு எப்படிம்மா தெரியும்? கொஞ்சம் சாகணும். அப்பத்தான் சயின்ஸ்."

எது எந்த அலமாரிக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும் என்றார்கள். பாரபட்சம் வரக்கூடாது. பொதுமக்கள் பங்கேற்பு என்றொரு தலைப்பும் அழைப்பிதழில் இருந்ததால், செல்லக்கிளியையே மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு பிளாஸ்டிக் குடத்துக்குள் கையை விடச் சொன்னார்கள். எடுக்கும் ஆறும் தைல அலமாரிக்குப் போகும்.

அவள் ஊர் இசக்கியம்மனை நினைத்துக்கொண்டு கையை விட்டாள். கொசுமருந்து அடித்த பதிவேடு வந்தது. நாய்பிடி வண்டி போய்வந்த பதிவேடு வந்தது. பிறகு ஒரு வருகைப் பதிவேடு. அதற்கடுத்து இன்னொரு கொசுமருந்து. கடைசி இரண்டு சீட்டுக்கும் உரிய தொகுதிகளைப் புரட்டிப்பார்த்த கிங்ஸ்டன், அவற்றில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, வாங்கியபடியே இருக்கின்றன என்றார். வெற்றுப் பதிவேடானாலும் பதிவேடுதான் என்று இயக்குநர் தீர்ப்புச் சொன்னார்.

எண்பத்தேழு குடத்துக்குள்ளேயே கிடந்தது.

"சார், சார்," என்று செல்லக்கிளி மேடையிலேயே இயக்குநரின் பின்னால் போனாள். "அந்த எழுதாத நோட்டுக்குப் பதிலா எம் பதிவேட்ட வைங்க சார். எம் மவ அங்கன ஒத்தைல கெடக்கா."

"உங்க கையாலதானம்மா எடுத்தீங்க," என்றார் இயக்குநர் மிகவும் கனிவாக. "மாத்தினா ஆராய்ச்சியோட நேர்மை போயிரும்."

கட்டுப்பாட்டு அலமாரியில் பூஞ்சைக்கு நியாயமான வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்று ஒரு தட்டில் தண்ணீரும் வைத்தார்கள்.

அதற்குப்பின் செல்லக்கிளி செய்த காரியம் ஒன்றுதான். வாரம் ஒருமுறை பார்வையாளராக வந்து பார்க்க அவளுக்கு அனுமதி இருந்தது. சித்திரை பிறந்த மறுவாரம், சேலை முந்தானையை ஓமத் தைலத்தில் நன்றாக நனைத்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். சொரிமுத்துவுக்கு வாசலிலேயே மூக்கில் ஏறிவிட்டது.

"என்ன தாயி, வயித்துவலியா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் அவள் முகத்தை ஒருதரம் பார்த்தார். பெட்டியில் செல்போனை வைத்துப் பூட்டிவிட்டு, "எனக்கு ரெண்டு நாளா சளி. ஒரு வாசமும் தெரியல," என்று சொல்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டுப்பாட்டு அலமாரியின் கம்பி வலைக்கு எதிரே முந்தானையை விரித்துவிட்டு அவள் ஒரு மணி நேரம் நின்றாள். மறுவாரமும் நின்றாள். அடுத்த வாரமும். நிற்கிற நேரமெல்லாம் விரித்து வைத்திருந்த பக்கத்தின் பதினான்காவது வரியிலேயே கண். பதினாறில் ஏறிய பச்சை அங்கேயே நின்றுவிட்டது. பதினைந்துக்கு வரவில்லை. அவளுக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. மூன்றாம் வாரம் கிங்ஸ்டன் கையில் குறிப்பேட்டோடு வந்து, இரண்டு முறை தும்மி, சுற்றிலும் மோந்து பார்த்தார்.

அதிலிருந்து நான்காம் நாள் கடிதம் வந்தது. கட்டுப்பாட்டு அலமாரி மாசுபட்டுவிட்டது. பூஞ்சை வளர வேண்டிய இடத்தில் வளரவில்லை. ஆகவே இதுவரை நடந்த சோதனை செல்லாது. முதலிலிருந்து நாற்பத்தைந்து நாள். பார்வையாளர் அனுமதி ரத்து. அலமாரியை மூன்றாம் மாடிக்கு, கடல் பக்கத்துச் சன்னலோரமாக மாற்றியிருந்தார்கள்.

"நாம செஞ்சது தப்பாளா?" என்று நயினார் அண்ணாச்சி கேட்டார், ‘நாம’ என்றே.

"நானே கெடுத்துக்கிட்டேன் அண்ணாச்சி," என்றாள் செல்லக்கிளி. அன்றைக்கு அவள் மடித்த பொட்டலங்கள் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை.

ஆனி இருபதாம் தேதி ரம்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்ததிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் மாப்பிள்ளையின் போன் வழியாகச் செல்லக்கிளி கேட்டுக்கொண்டிருந்தாள். "எம்மா, எம்மா" என்று ரம்யா கத்தியது கேட்டது. "இந்தா இருக்கேன் மக்கா, இங்கனதான் இருக்கேன்," என்று கடைக்குள் ஓமச் சாக்குக்கும் சுக்குச் சாக்குக்கும் நடுவில் உட்கார்ந்து இவள் பதிலுக்குக் கத்தினாள். மருந்து வாங்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். குழந்தையின் அழுகை கேட்டதும் யாரோ ஒருவர் கைகூப்பினார்.

அதே வாரத்தில் நாற்பத்தைந்து நாளும் முடிந்தது. ஆவணியில் வெற்றி விழா. பார்வையாளர் அனுமதி ரத்தானவளுக்குச் சிறப்பு விருந்தினர் என்று அழைப்பு வந்தது. அன்றைக்குப் படம் எடுக்க வேண்டியிருந்ததால் செல்போனையும் உள்ளே விட்டார்கள்.

"தைல அலமாரியில் ஆறு தொகுதிகளும் பத்திரம்," என்று இயக்குநர் பேசினார். "குறிப்பாக, எழுதப்படாத அந்த இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன. மாறாக, கட்டுப்பாட்டு அலமாரியில் ஒரு பக்கம்கூடத் தப்பவில்லை. நூற்றுக்கு நூறு! ஒன்றிரண்டு பக்கம் தப்பியிருந்தால்கூட உலகம் நம் முடிவைச் சந்தேகப்பட்டிருக்கும். அந்த வகையில் எண்பத்தேழாம் தொகுதிக்கு அறிவியல் கடமைப்பட்டிருக்கிறது. அதன் பங்களிப்பு ஈடு இணையற்றது."

செல்லக்கிளிக்குச் சால்வை போர்த்தினார்கள். அதை வாங்கிக்கொண்டு கீழே இறங்கும்போதுதான் மேடைக்குப் பக்கத்தில் நின்ற பெரிய பதாகையைப் பார்த்தாள். ஆளுயரம். ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம். பின் என்பது ஒரே சாம்பல் பச்சைக் கம்பளி. முன் என்பது பதினான்காவது வரி. பெரிதாக்கி, மெருகேற்றி, அந்த நீல மைச் சரிவு எழுத்துகள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். செல்லக்கிளி. பெண். ஒன்பது பதினொன்று எழுபத்தொன்பது.

அவள் கிங்ஸ்டனின் கையைப் பிடித்தே விட்டாள். "சார், இந்தா இருக்கு. இதுல ஒரு சீல் குத்திக் குடுங்க சார்."

கிங்ஸ்டன் இயக்குநரைப் பார்த்தார்.

"அது ஆவணம் இல்லம்மா, ஆய்வுப் படம்," என்றார் இயக்குநர். "மூலப்பக்கத்தோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் சீல் போடணும்னு விதி."

"மூலப்பக்கம் நீங்க சொன்னபடியே போயிட்டே சார்."

"அதனாலதான் போட முடியல."

அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று அவளால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் இரண்டு பேர் வந்து பதாகையைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார்கள். பன்னாட்டுப் பூஞ்சை எதிர்ப்பு மாநாட்டில் வைக்க அதை இயக்குநர் கொண்டுபோகிறாராம். அவருக்கும் பதாகைக்கும் எல்லாத் தாளும் தயார் என்று கிங்ஸ்டன் சொன்னார்.

"எந்த ஊருக்கு சார்?"

"மஸ்கட்டுக்கு."

செல்லக்கிளி உட்கார்ந்துவிட்டாள். சொரிமுத்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, எழுந்து, இயக்குநரின் கார் வரைக்கும் போய், "சார், என் மவ அங்கனதான் இருக்கா. ஒருக்க வந்து அந்தப் படத்தப் பாத்துட்டுப் போகட்டும் சார்," என்றாள்.

"மாநாட்டு பாஸ் இருந்தா யார் வேணும்னாலும் வரலாம்," என்று சொல்லிவிட்டு இயக்குநர் கண்ணாடியை ஏற்றினார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் திப்பிலி புடைத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்து விழுந்தது. பளபளவென்று ஒரு மண்டபம். பதாகைக்குப் பக்கத்தில் ரம்யா. இடுப்பில் குழந்தை. அது ஒரு கையை நீட்டிப் பதாகையில் ‘கிளி’யின் மேல் வைத்திருந்தது. செல்லக்கிளி படத்தை அண்ணாச்சியிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அதற்குள் ரம்யாவே கூப்பிட்டுவிட்டாள்.

"பாஸ் யாருளா தந்தா?" என்றாள் செல்லக்கிளி முதல் வேலையாக.

"பாஸ் ஒண்ணும் இல்லம்மா. வாசல்ல நிக்க ஆளு, யாரப் பாக்கணும்னு கேட்டாரு. கண்ணாடிக் கதவு வழியா அத கையக் காட்டி, அந்தா நிக்கது எங்கம்மா, பிள்ளையப் பாக்க வந்திருக்கான்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"கதவத் திறந்து விட்டுட்டாரு."